கரி டவருக்குள் இறங்கியவர்

1

சென்ற வாரம் ஒரு கன்னியாஸ்திரீ என்னை "மிஸஸ் நடராஜன்" என்று கூப்பிட்டார்.

என் மகள் வசந்தாவை இந்த ஜனவரியில்தான் மலாக்கா டவுனில் உள்ள கான்வென்ட் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்த்தேன். நான் தமிழ்ப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியாரம்மா. என் பள்ளி விட்டு, ஓட்டமும் நடையுமாகப் போய் அவளை அழைத்து வருவதற்குள் மற்ற பிள்ளைகள் எல்லாம் போய்விடுவார்கள். அன்றைக்கும் அப்படித்தான். வாசலில் அவளோடு நின்றிருந்த கன்னியாஸ்திரீ ஆசிரியை சிரித்த முகமாக, "வாருங்கள் மிஸஸ் நடராஜன்" என்றார்.

நடராஜன் என் பக்கத்து வீட்டுக்காரர். லெட்சுமியின் புருஷன்.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி, உன் பெயர் என்ன, அப்பா பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். வசந்தா கொஞ்சமும் தயங்காமல் நடராஜன் என்று சொல்லிவிட்டாள். அவர் பக்கத்து வீட்டுக்காரர், இவளுடைய அப்பா காலமாகிவிட்டார் என்று ஆசிரியையிடம் சொன்னேன். அவர் முகம் வாடிப்போயிற்று. "அப்படியானால் அவர் பெயர்?" என்று கேட்டார்.

எனக்கு வாய் வரவில்லை. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது புரியும். உயிரோடு இருந்தபோதும் அவர் பெயரை நான் சொன்னதில்லை, போன பிறகும் சொன்னதில்லை. ஒரு துண்டுக் காகிதம் வாங்கி எழுதிக் கொடுத்தேன். படித்த பெண் இப்படிச் செய்கிறாளே என்று அவர் நினைத்திருப்பார்.

திரும்பும் வழியில், மூன்று சக்கர டிரைஷா வண்டியில், வசந்தாவிடம் கேட்டேன்.

"நடராஜன் மாமா பேரை ஏன்டி சொன்னே?"

"டீச்சர் ஃபாதர் யாருன்னு தான்யா. ஃபாதர்னா பாபாதானே?"

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நடராஜனைப் பாபா என்று கூப்பிடுவார்கள், மலாயில் அப்பா என்று அர்த்தம். கேட்டுக் கேட்டு இவளும் அப்படியே கூப்பிடுகிறாள். 'கேட்டார்கள்' என்பதற்கு 'தான்யா' என்று மலாய் வார்த்தை போட்டதைக்கூட அவள் உணரவில்லை. நான் திருத்தவில்லை. என் மகளுக்கு அவள் அப்பாவின் பெயர் தெரியாது. யார் சொல்லியிருப்பார்கள் அவளுக்கு? நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

2

எனக்குத் திருச்சி. கல்லூரியில் கணிதம் படித்து முடித்த கையோடு கல்யாணம். மாப்பிள்ளை மலாயாவில் எஞ்சினீயர் என்றார்கள். என்ன எஞ்சினீயர் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து, இந்தக் காஜா பெராங் சாலையில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் இறங்கினேன்.

பக்கத்தில் கம்போங் செட்டி. சில நூறு பேர் வாழும் சின்னக் குடியிருப்பு. அவர்களுடைய முன்னோர் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் தமிழ்நாட்டிலிருந்து வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்டவர்கள். கும்பிடுவது மாரியம்மனை. பேசுவது மலாய். பெண்கள் கட்டுவது சாரோங்கும் கெபாயாவும். முதல் நாள் மாரியம்மன் கோயிலில் லெட்சுமியைப் பார்த்து, நெற்றியில் குங்குமம் இருக்கிறதே என்று ஆசையாகத் தமிழில் பேசப் போனேன். அவள் சிரித்தாளே தவிர ஒரு வார்த்தைகூடப் புரிந்துகொள்ளவில்லை.

அந்த வாரமே ஒரு கூத்து நடந்தது. சந்தைக்குப் போய் அலைந்து களைத்து வந்திருந்தேன். எட்டிப் பார்த்த லெட்சுமி, சாப்பிட்டாயா என்று கையால் கேட்டாள். நான் வயிற்றைத் தொட்டு, "பசி, பசி" என்றேன். அவள் விறுவிறுவென்று என் அடுப்படிக்குள் போனாள். சோற்றுப் பானையைத் திறந்தாள், முகர்ந்தாள், முகத்தைச் சுளித்தாள், அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டிவிட்டாள். பதறிப்போய்க் கத்தினேன். நடராஜன் ஓடி வந்தார். அவருக்குத் தமிழ் அரைகுறையாகத் தெரியும். மலாயில் 'பாசி' என்றால் ஊசிப்போன சோறு என்று அவர் விளக்கிய பிறகு லெட்சுமி சிரித்தாள் பாருங்கள், கண்ணில் நீர் வழிய, தூணைப் பிடித்துக்கொண்டு. பிறகு தன் வீட்டிலிருந்து தேங்காய்ப்பால் சோறும் சம்பாலும் கொண்டுவந்து என்னை உட்காரவைத்துப் பரிமாறினாள். எங்கள் சிநேகம் அன்று தொடங்கியது.

நடராஜனும் என் வீட்டுக்காரரும் ஒரே இடத்தில் வேலை. இவர் எஞ்சினீயர், அவர் ஃபிட்டர். காலையில் இருவரும் சைக்கிளில் ஒன்றாகப் புறப்படுவார்கள். அவர் இவரை 'அபாங்' என்பார். அண்ணன் என்று அர்த்தம்.

3

புக்கிட் ரம்பாய் போகும் வழியில் இருந்த அந்தத் தொழிற்சாலையில், சோடாவில் பொங்குகிறதே, அந்தக் கரியமில வாயுவைத் தயாரித்தார்கள். கல்கரியை எரித்து, புகையைக் கழுவி, வாயுவைப் பிரித்தெடுப்பார்கள். கடைசியில் அதில் ஒரு துர்வாசனை மிஞ்சும். அதைப் போக்க, தேங்காய்ச் சிரட்டைக் கரி நிரப்பிய பெரிய இரும்பு உருளைக்குள் வாயுவைச் செலுத்துவார்கள். இரண்டு ஆள் உயரம். 'கரி டவர்' என்பார்கள்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். கல்யாணமாகி வெகுநாள் எங்களுக்குள் சாப்பாடு, துணிமணி தவிர வேறு பேச்சு இல்லை. ஒருநாள் சாயங்காலம் மேசையில் காகிதத்தைப் பரப்பி ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். காபியை வைத்துவிட்டு நின்றேன்.

"கரி எப்படி வாசனையைக் குடிக்குது?" என்று கேட்டேன்.

"குடிக்கலை. மேலே ஒட்டவச்சுக்குது" என்றார். "ஒரு துண்டுக் கரிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பொந்து எத்தனையோ இருக்கு. அந்தச் சுவரையெல்லாம் பிரிச்சு விரிச்சா இந்தத் தெரு முழுக்க மூடலாம். வாயு போற போக்கில வாசனை அதுல ஒட்டிக்கும். ஆனா நிதானமாப் போகணும். வேகமாப் போனா ஒட்ட நேரம் இருக்காது."

"வேகம் எப்படித் தெரியும்?"

குழாய்க்கு நடுவில் ஓட்டை போட்ட ஒரு தகடு வைத்திருப்பார்களாம். தகட்டுக்கு முன்னால் அழுத்தம் அதிகம், பின்னால் குறைவு. வளைந்த கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி இரண்டு பக்கத்தோடும் இணைத்தால், தண்ணீரின் மட்டம் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கும். அந்த வித்தியாசத்தைப் பார்த்து ஓட்டத்தைக் கண்டுபிடிக்கலாம்.

"மட்டத்து வித்தியாசம் நாலு மடங்கானா..." என்று ஆரம்பித்தார்.

"ஓட்டம் ரெண்டு மடங்கு. வர்க்கமூலம்" என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அன்றுதான் என்னை முதன்முதலாகப் பார்த்தார் என்று இன்றுவரை நினைக்கிறேன். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு சாயங்காலம் தோறும் எங்களுக்கு அதுதான் பேச்சு. ஓட்டத்தை உருளையின் குறுக்குப் பரப்பால் வகுத்தால் வேகம். கரியின் உயரத்தை வேகத்தால் வகுத்தால், வாயு கரியோடு இருக்கும் நேரம். அழுத்தம் கூடினால் அதே வாயு சின்ன இடத்தில் அடங்கும், சூடு கூடினால் பெருக்கும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்துக்கும் ஒரே சூட்டுக்கும் மாற்றித்தான் ஒப்பிட வேண்டும். கல்யாணத்தோடு முடிந்தது என்று நான் மூட்டை கட்டி வைத்த படிப்பு, கடல் தாண்டி வந்து என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டது.

அவருக்கு ஒரு கனவு இருந்தது. போர்னியோவில் மண்ணுக்கடியிலிருந்து எரிவாயு வருகிறது. அதிலுள்ள ஈரத்தையும் பெட்ரோல் ஆவியையும் இதே மாதிரி டவர்களில் பிடித்துப் பிரிக்கலாம் என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் படித்திருந்தார். அங்கே வேலைக்குப் போக வேண்டும். இல்லாத டவர்களுக்கு, பார்த்தறியாத எரிவாயுவுக்கு, எங்கள் மேசையில் கணக்குப் போட்டோம். அழுத்தம் பல மடங்கு அதிகம். அதற்குத் தக்க வேகம், கரியின் அளவு, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை ஒன்றை நிறுத்தி அடுத்ததைத் திறப்பது, எல்லாம்.

"அங்கே தமிழாளுங்க இருப்பாங்களா?" என்று கேட்டேன்.

"தெரியலை. வர்க்கமூலம் இருக்கும்" என்றார்.

நான் சரி என்று சொன்னேன். மனதார.

4

மலாயா சுதந்திரமடைந்த வருஷம். தெருவெல்லாம் கொடி. ஒரு வயது தாண்டியிருந்த வசந்தாவைத் தோளில் தூக்கிக்கொண்டு இவர் ஊர்வலம் பார்த்தார். சில வாரங்களில் தொழிற்சாலையின் ஆங்கிலேய எஞ்சினீயர் ஊர் திரும்பினார். அந்தப் பொறுப்பு இவருக்கு வந்தது.

ஆண்டுக் கடைசி மழையில் ஒரு டவரின் கரி ஓய்ந்துபோயிற்று. பழைய கரியை வெட்டி எடுத்துப் புதிதாக நிரப்ப வேண்டும். அதற்கு முன்னால் உள்ளே இருக்கும் வாயுவை விசிறியால் காற்று அடித்து வெளியேற்ற வேண்டும். எவ்வளவு நேரம் அடிப்பது என்று இருவரும் கணக்குப் போட்டோம். டவரின் கொள்ளளவை விசிறியின் ஓட்டத்தால் வகுத்து நான் ஒரு விடை சொன்னேன்.

"காலிப் பாத்திரமா இருந்தா சரி" என்றார். "கரி பிடிச்சு வச்சிருக்கிறதை அவ்வளவு லேசில விடாது. மெள்ளமெள்ளத்தான் விடும். அதையும் சேர்க்கணும்."

சேர்த்தபோது நேரம் பல மடங்கு நீண்டது. மறுநாள் மத்தியானம் வரை விசிறி ஓட வேண்டும் என்று வந்தது. அவர் அதற்கு மேலும் ஓடவிட்டார். விளக்கைக் கட்டி உள்ளே இறக்கிப் பார்த்தார்கள். அணையாமல் நின்று எரிந்தது. நடராஜன் இறங்கினார். மேல் பாதிக் கரியை வாளி வாளியாக அனுப்பினார். ஒன்றும் ஆகவில்லை.

அடியில் ஒரு பக்கம் கரி ஈரத்தில் கட்டிதட்டிப் பாறையாகிக் கிடந்திருக்கிறது. காற்று வழி இருக்கும் பக்கமாகத்தான் போகும். கட்டியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. அதற்கடியில் வாயு அப்படியே தேங்கி இருந்தது. காற்றைவிடக் கனமானது, கிணற்றுத் தண்ணீர் மாதிரி அடியில் கிடக்கும். எங்கள் கணக்கில் காற்று எல்லா இடத்திலும் ஒரே சீராகப் போகும் என்று வைத்துக்கொண்டிருந்தோம். புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது.

நடராஜன் குனிந்து கடப்பாரையால் கட்டியை உடைத்தார். சத்தம்கூட வரவில்லையாம். சுருண்டு விழுந்துவிட்டார்.

மேலே வாளிக் கயிற்றைப் பிடித்திருந்த சீனத் தொழிலாளி, ஆ செங் என்பவர், பிறகு என்னிடம் வந்து அழுதபடியே எல்லாவற்றையும் சொன்னார். என் வீட்டுக்காரர் கயிற்றை வாங்கிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். ஆ செங் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஜாஙான்! ஜாஙான்!" என்று, போகாதே போகாதே என்று கத்தினார். இவர் உதறிக்கொண்டு இறங்கிவிட்டார். நடராஜனின் அக்குளுக்குக் கீழே கயிற்றைக் கட்டினார். "தாரேக்!" என்று ஒரு குரல் கொடுத்தார். இழு என்பதற்கு மலாய். இழுத்தார்கள். நடராஜன் மேலே வந்தார். கயிற்றை மறுபடி இறக்கியபோது அதைப் பிடிக்க உள்ளே ஆள் எழுந்து நிற்கவில்லை.

ஊரிலிருந்து எழுதியவர்கள் எல்லாரும் தியாகம் என்று எழுதினார்கள். எனக்கு அந்தச் சொல்லைப் பார்த்தாலே எரிந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று அங்கே வேறு யாருக்கும் அவர் அளவுக்குத் தெரியாது. காற்றில் அது எத்தனை பங்கு இருந்தால் மனிதன் எத்தனை மூச்சுக்குத் தாங்குவான் என்று எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான். தெரியாமல் இறங்கியிருந்தால் விதி என்று சொல்லியிருப்பேன். ஒன்றரை வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தது.

நடராஜன் ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்தார். பக்கத்து வீட்டில் அவருடைய இருமல் கேட்கும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்தினேன். லெட்சுமி தினமும் சாப்பாடு கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். நான் கதவைத் திறக்கவில்லை.

5

அண்ணன் வந்துவிடு என்று எழுதினான். போயிருக்கலாம். ஆனால் அண்ணன் வீட்டில் ஒரு மூலையில் வெள்ளைப் புடவையோடு உட்கார்ந்திருப்பதைவிட, இங்கே தமிழ்ப் பள்ளியில் கிடைத்த வேலை மேல் என்று தோன்றியது. அவரை எரித்த மண்ணும் இதுதான். போனால் திரும்பி வர அனுமதி கிடைக்குமா என்பதும் நிச்சயமில்லை.

இறப்பதற்கு முன்னால் எங்கள் இருவருக்கும் குடியுரிமை கேட்டு மனுப் போட்டிருந்தார். வெகு மாதங்கள் கழித்து, இருவரும் நேரில் வரும்படி அழைப்பு வந்தது. அன்று காலை நான் கிளம்பியபோது லெட்சுமி புதுக் கெபாயா உடுத்தி வாசலில் நின்றாள். நான் கூப்பிடவில்லை. பேசாமல் கூட நடந்து வந்தாள்.

அதிகாரி நல்ல மனிதர், வயதானவர். மரியாதையாக உட்காரச் சொன்னார். "சுவாமி மானா?" என்று கேட்டார். புருஷன் எங்கே என்று அர்த்தம். அந்த வார்த்தையை முதலில் கேட்டபோது நான் சாமியைக் கேட்கிறார்கள் என்று நினைத்த காலம் உண்டு.

நாம் செத்துப்போய்விட்டார் என்று சொல்வோமா? போய்விட்டார் என்போம். அதையே மலாயில் சொன்னேன். "சூடா பெர்கி."

"பெர்கி மானா? இந்தியா?" எங்கே போயிருக்கிறார், இந்தியாவுக்கா?

தலையை ஆட்டினேன். இல்லை என்றுதான் ஆட்டினேன். அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"பீலா பாலேக்?" எப்போது திரும்புவார்?

அது புரிந்தது. மிக நன்றாகப் புரிந்தது. அதிகாரி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். அவர் திரும்பியதும் இருவரும் சேர்ந்து வாருங்கள், அவசரமில்லை என்று அன்பாகச் சொன்னார்.

பின்னால் நின்ற லெட்சுமி முன்னால் வந்தாள். "டியா சூடா மெனிங்கால், எஞ்சே" என்றாள். அவர் இறந்துவிட்டார், ஐயா. பிறகு அவர் பெயரை முழுசாக, ஊர்ப் பெயரோடு சொன்னாள். எப்படி இறந்தார் என்றும் சொன்னாள். "என் புருஷனைத் தூக்கி வெளியே அனுப்பிவிட்டு இறந்தார்" என்று அவள் மலாயில் சொன்னபோது அந்த அறையில் எல்லாரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தோம். "அக்காவுக்கு என்மேல் கோபம், எனக்குத் தெரியும்" என்றாள் லெட்சுமி. "அவர் இறங்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு இங்கே நான் நின்றிருப்பேன்."

அதைத்தான் அத்தனை மாதமும் நான் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது தெரியும். தெரிந்தும், பிடித்திருந்த என் கையை விடவில்லை. அவள் மடியில் விழுந்து அழுதேன். அவர் போனபின் அன்றுதான் அழுகை வந்தது.

மறுவாரம் வசந்தாவை அவளிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்கு வேலைக்குப் போகத் தொடங்கினேன். பிள்ளை அங்கேயே சாப்பிட்டாள், அங்கேயே தூங்கினாள், அங்கேயே பேசக் கற்றாள். தண்ணீர் கேட்கும்போது 'ஆயர்' என்கிறாள். கனவில் உளறுவதும் மலாயில்தான். நான் 'இரண்டின் வர்க்கம் நான்கு' என்று ஊரான் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, என் பிள்ளை பேசுவது பாதி புரியாமல் லெட்சுமியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

6

பள்ளியில் அந்தச் சம்பவம் நடந்த இரண்டொரு நாளில் போகி வந்தது. அன்று செட்டி வீடுகளில் இறந்துபோன முன்னோர்களுக்கு வாழையிலை விரித்து, அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் படைப்பார்கள். 'பார்ச்சு' என்பார்கள். நடராஜன் தன் தாத்தா, அப்பா இலைகளோடு ஒவ்வொரு வருஷமும் இவருக்கும் ஒரு இலை போடுகிறார். உறவில்லாதவருக்கு இலை போடுவதா என்று அவருடைய பெரியவர்கள் ஒருமுறை முணுமுணுத்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

அந்த விபத்துக்குப் பிறகு அவர் தொழிற்சாலைக்குப் போகவில்லை. கிளேபாங் கடற்கரையில் படகு பழுது பார்க்கிறார். என் எதிரில் நின்று பேசமாட்டார். எங்கள் வீட்டுக் கூரை ஒழுகினால் நான் இல்லாத நேரத்தில் வந்து சரிசெய்துவிட்டுப் போவார்.

இந்த வருஷம் படையல் முடிந்து எல்லாரும் எழுந்தபிறகு அவரை நிறுத்திக் கேட்டேன். ஐந்து வருஷமாக மனதில் இருந்த கேள்வி.

"தம்பி, உள்ளே உங்களைக் கட்டும்போது அவர் ஏதாவது சொன்னாரா? தமிழில ஏதாவது?"

எல்லாரும் சொல்லி நான் அறிந்த அவருடைய கடைசி வார்த்தை 'தாரேக்'. இன்னொரு மொழியில், இன்னொருவரைக் காப்பாற்ற. அதற்கு முன்னால், என் பெயரோ பிள்ளையின் பெயரோ, ஏதாவது இருந்திருக்காதா என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

நடராஜன் தரையைப் பார்த்தபடி, தமிழும் மலாயும் கலந்து, திக்கித் திக்கிச் சொன்னார். 'காக்காக்' என்றால் மலாயில் அக்கா. "எனக்கு ஞாபகம் இல்லே, காக்காக். கடப்பாரை போட்டேன். அப்புறம் முழிச்சேன், வெளியே படுத்திருந்தேன். அபாங் முகம்கூட நான் பாக்கலே." பிறகு, "நீங்க ஒருநாள் கேப்பீங்கன்னு தெரியும். ஏதாச்சும் சொல்லலாம்னு நினைச்சேன். உங்க பேர் சொன்னாருன்னு. பொய் சொல்ல முடியலே" என்றார்.

அவர் தோள் குலுங்கியது. லெட்சுமி வந்து அவரை அணைத்துக்கொண்டாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இனிக் கேட்பதற்கு ஒருவரும் இல்லை.

வசந்தா எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடராஜன்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டு, அந்த இலைக்கு முன்னால் உட்காரவைத்தார். "இது உன் அப்பாவுக்கு. நான் பாபா. அப்பா இவரு" என்றார்.

"ஆப்பா நாமா அப்பா?" என்றாள், அப்பாவின் பெயர் என்ன என்று. இம்முறை அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"வைத்தியநாதன்" என்றேன். என் வாயால் முதல்முறை. சொல்லிவிட்டு, மறுபடி சொன்னேன். அவள் திருப்பிச் சொல்லப் பார்த்தாள். நடுவில் சிக்கியது. மூன்றாவது தடவையில் சரியாக வந்தது.

பிறகு தமிழில், அவளாகவே வார்த்தைகளைத் தேடிப் பொறுக்கிக் கேட்டாள்.

"அவங்களுக்கு என்னைத் தெரியுமா?"

"தெரியும்டி. உன்னைத் தோளில தூக்கிட்டு ஊர்வலமெல்லாம் காட்டினாங்க. நல்லாத் தெரியும்."

அவள் முகம் மலர்ந்தது. எழுந்து பிள்ளைகளோடு விளையாட ஓடிவிட்டாள். அவளைத் தெரிந்துதான் இறங்கினார் என்பதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.